ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று எழுதிவைக்காதீர்கள்

போனுக்குச் சார்ஜ் போடுகிறோம். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும்போது ரூம் சார்ஜ் தனி, டாக்டர் சார்ஜ் தனி என்று பில் கொடுக்கிறார்கள். மேனேஜர் லீவு என்றால் இன்சார்ஜைப் பார்க்கச் சொல்கிறார்கள். புதிய கலெக்டர் சார்ஜ் எடுத்துக்கொண்டார் என்று பேப்பரில் வருகிறது, அதே பக்கத்தில் போலீஸ் சார்ஜ்ஷீட் போட்ட செய்தியும் இன்னொரு ஊரில் லத்தி சார்ஜ் நடந்த செய்தியும் இருக்கும். "எனக்கு இங்கிலீஷே தெரியாது" என்று சொல்கிற என் பெரியம்மா இத்தனையையும் ஒன்றோடு ஒன்று குழப்பிக்கொள்ளாமல் நாள் முழுக்கப் பேசுகிறார்.

அதே வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளையிடம் சார்ஜ் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "கட்டணம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். ஏனென்றால் அதன் நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்குச் சாயங்கால நேரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்கள் கொண்டுவரும் நோட்டுகளைப் புரட்டினால் எல்லாவற்றிலும் பக்கத்தின் நடுவே ஒரு கோடு, கோட்டுக்கு இடது பக்கம் இங்கிலீஷ் சொல், வலது பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல், அடியில் சிவப்பு மையில் ஒரு டிக். இந்தக் கோடு போட்ட நோட்டுதான் நம் பிள்ளைகளை இங்கிலீஷிலிருந்து விரட்டுகிறது. கோபமாகவே சொல்கிறேன். வீட்டில் ஏழு விதமாகப் புழங்குகிற ஒரு சொல்லை ஒரே விதமாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டு, பாடத்தில் அது வேறு விதமாக வரும்போது பிள்ளை திணறினால் "சொல்வளம் போதாது" என்று ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பினால் அது என்ன நியாயம்?

சார்ஜையே எடுத்துக்கொள்வோம். லத்தீனில் கர்ருஸ் என்றால் வண்டி. நாம் ஓட்டுகிற காரும் அதிலிருந்து வந்ததுதான். வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு கர்ரிகாரே என்று பெயர், அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தபோது சார்ஜ் ஆகிவிட்டது. பாரம் ஏற்றுவது, அவ்வளவுதான் விஷயம். ஒருவர் தலையில் பொறுப்பை ஏற்றினால் அவர் இன்சார்ஜ். கணக்கில் தொகையை ஏற்றினால் கட்டணம். ஒருவர்மேல் குற்றத்தை ஏற்றினால் சார்ஜ்ஷீட். ஏற்றியதை இறக்கிவிட்டால் டிஸ்சார்ஜ், அதாவது ஆஸ்பத்திரி நோயாளியைத் தன் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. பீரங்கியில் வெடிமருந்து கெட்டிப்பதற்கும் அதே சொல்தான். அப்படி ஆயுதத்தை ஆயத்தம் செய்வதிலிருந்துதான் எதிரிமேல் பாய்கிற அர்த்தமும் வந்திருக்க வேண்டும் என்பார்கள், நம் லத்தி சார்ஜ் அந்த வழியில் வந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது போன் சார்ஜ்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற லேடன் ஜாடிகளை வரிசையாக இணைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அந்த வரிசைக்கு அவர் வைத்த பெயர் பேட்டரி. அதுவரை பேட்டரி என்றால் வரிசையாக நிறுத்திவைத்த பீரங்கிகள், பிரெஞ்சில் அடிப்பது என்ற சொல்லிலிருந்து வந்தது. ஜாடியில் மின்சாரத்தை ஏற்றுவதற்கும் சார்ஜ் என்றே எழுதினார். ஆக, "பேட்டரில சார்ஜ் இல்ல" என்று நாம் தினமும் சொல்கிற வாக்கியம் முழுக்கப் பீரங்கிப் படையின் பேச்சு.

இதைச் சொன்ன அன்று பிள்ளைகளை உட்காரவைக்க முடியவில்லை. ஆளுக்கொன்றாக எடுத்துவிட ஆரம்பித்தார்கள். "அக்கா, சார்ஜ் மெமோ?" "அக்கா, ஓவர்சார்ஜ்?" "ரீசார்ஜ்?" ஒரு பையன், அவனுடைய அப்பா லாரி ஓட்டுகிறார், "அப்ப கார்கோ?" என்றான். கார்கோவும் அதே குடும்பம்தான், ஸ்பானிஷ் வழியாக வந்தது. கேலிச்சித்திரத்துக்கு இங்கிலீஷில் சொல்கிற கேரிகேச்சர் கூட இத்தாலிய மொழியில் 'பாரத்தை ஏற்றிக் காட்டுவது' என்பதுதான், மூக்கு பெரிதென்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றி வரைகிறார்கள் இல்லையா, அது. அன்றைக்கு யாருமே மனப்பாடம் செய்யவில்லை, ஆனால் சார்ஜ் என்ற சொல்லை இனி எந்தப் பாடத்தில் பார்த்தாலும் அவர்கள் மிரளப் போவதில்லை.

இந்த விஷயத்தில் பெற்றோர்கள் ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பெரிய சொல்தான் கஷ்டம், சின்னச் சொல் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஃபோட்டோசிந்தசிஸ் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம், ஒருமுறை படித்தால் முடிந்தது. ரன், செட், டேக், கெட் இவைதான் ஆளை ஆட்டிவைப்பவை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் செட் என்ற வினைச்சொல்லுக்கு 430 அர்த்தங்கள் இருந்தன. இப்போது நடந்துகொண்டிருக்கிற மூன்றாம் பதிப்பில் ரன் அதை முந்திவிட்டது, வினைச்சொல்லாக மட்டும் 645 அர்த்தங்கள். அந்த ஒரு பதிவைத் தொகுக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் ஆயிற்று. ஒரு சொல் எவ்வளவு அதிகமாகப் புழங்குகிறதோ அவ்வளவு அதிகமாக அதற்கு அர்த்தங்கள் சேரும் என்று ஜார்ஜ் ஸிஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1945-லேயே கணக்கெடுத்துக் காட்டினார். நாலு கை மாறினால்தானே ஒரு சொல் நாலு விதமாகப் பழகும். அதனால் பிள்ளை சின்னச் சொல்லில் தடுமாறினால் "இதுகூடத் தெரியலையா" என்று திட்டாதீர்கள், அதுதான் நிஜமாகவே கடினமான இடம்.

போன மாதம் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. "அக்கா, எங்க அப்பாவோட வீட்டு லோன் சாங்ஷன் ஆயிடுச்சு, எல்லாரும் ஸ்வீட் சாப்பிட்டோம். நியூஸ்ல ஈரான் மேல சாங்ஷன் போட்டாங்கன்னு சொல்றாங்க. அனுமதி குடுத்தா ஈரான் எதுக்குக் கோவப்படணும்?" எவ்வளவு கூர்மையான பிள்ளை பாருங்கள். அவள் நோட்டில் சாங்ஷன் என்றால் அனுமதி என்று மட்டும்தான் இருக்கிறது. லத்தீனில் சான்கிரே என்றால் ஒன்றை மீறக்கூடாத புனிதமான சட்டமாக ஆக்குவது. சட்டம் என்றால் அதற்கு இரண்டு முகம் உண்டு, இதைச் செய்யலாம் என்று ஒப்புதல் தருவது ஒன்று, மீறினால் தண்டனை என்று சொல்வது இன்னொன்று. முதல் முகத்திலிருந்து லோன் சாங்ஷன், இரண்டாவதிலிருந்து பொருளாதாரத் தடை. ஒரே சொல் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அர்த்தம் தருவது இங்கிலீஷில் அபூர்வம் இல்லை. ஓவர்சைட் என்றால் மேற்பார்வையும்தான், கவனிக்காமல் விட்டதும்தான். டேபிள் என்ற வினைச்சொல்லைப் பிரிட்டனில் சொன்னால் ஒரு விஷயத்தை இப்போதே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் சொன்னால் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படைத்தலைவர்களும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் காரசாரமாக வாக்குவாதம் செய்ததையும், இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் விரும்பியிருந்தது என்று பிறகு தெரிந்ததையும் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். நம் நாடாளுமன்றத்தில் ஒரு அறிக்கை டேபிள் செய்யப்பட்டது என்றால் பிரிட்டிஷ் வழக்கம்தான், அவையின் முன் வைத்தார்கள் என்று அர்த்தம்.

இஷ்யூ என்ற சொல்லையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே நிஜமாகவே மனம் புண்படுகிறது. மேட்ரிமோனியல் விளம்பரத்தில் ஒருவர் "நோ இஷ்யூஸ்" என்று போட்டிருந்தார், எங்கள் சொந்தத்தில் ஒரு அத்தை அதைப் படித்துவிட்டு "இவருக்குப் பிரச்சினை எதுவும் இல்லையாம், நல்ல இடம்" என்றார். குழந்தைகள் இல்லை என்பதுதான் அங்கே பொருள். வாரிசுப் பத்திரங்களில் இருந்து வந்த பழைய சட்ட வழக்கு அது. அடிப்படையில் இஷ்யூ என்றால் வெளியே வருவது. பத்திரிகையின் இந்த மாத இதழ் வெளியே வருகிறது, பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து பாஸ்போர்ட் வெளியே வருகிறது, பிள்ளைகளும் அப்படித்தான். நீதிமன்றத்தில் இரு தரப்பும் சொல்வதைச் சொல்லி முடித்தபிறகு தீர்க்க வேண்டியதாக வெளியே வந்து நிற்கிற கேள்விக்கும் இஷ்யூ என்று பெயர், தமிழ் வக்கீல்கள் அதை எழுவினா என்பார்கள். எழுகிற வினா. அந்தக் கேள்விதான் இன்று "ஒரு சின்ன இஷ்யூ இருக்கு" என்று எல்லா அலுவலகத்திலும் சொல்கிற பிரச்சினையாக வந்து நிற்கிறது. ஒரு குழந்தையையும் ஒரு பிரச்சினையையும் ஒரே சொல்லால் சொல்கிறார்களே என்று அத்தை வருத்தப்பட்டார். காகிதத்தில் மட்டும் வாழ்கிற அந்த வழக்கை இனி விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, "குழந்தைகள் இல்லை" என்று நேராக எழுதினால் என்ன?

எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரு வேர் இருக்கும் என்று நம்பிப் போனாலும் ஏமாந்துவிடுவோம். சில சொற்கள் ஒன்றே அல்ல, இரண்டு தனித்தனிச் சொற்கள், உருவம் மட்டும் ஒன்றாகிவிட்டது. கோர்ட்டு கேஸ், ஆஸ்பத்திரியின் சீரியஸ் கேஸ், நாம் வேற்றுமை என்று சொல்கிற இலக்கணக் கேஸ் எல்லாம் லத்தீனில் 'விழுவது, நேர்வது' என்ற சொல்லின் பிள்ளைகள். சூட்கேஸும் கண்ணாடி கேஸும் பெட்டி என்ற வேறொரு சொல்லிலிருந்து வந்தவை. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளை இரண்டு பெட்டிகளில் வைத்திருந்தார்கள், பெரிய எழுத்து மேல்பெட்டியில், சின்ன எழுத்து கீழ்ப்பெட்டியில், அதனால்தான் அப்பர் கேஸ், லோயர் கேஸ். (தமிழில் எழுதும்போது அடுப்பு கேஸும் இதில் வந்து சேர்ந்துகொள்கிறது, அது நம் எழுத்தின் வேலை.) தீக்குச்சி மேட்ச் பழைய பிரெஞ்சின் விளக்குத்திரி, கிரிக்கெட் மேட்ச் பழைய இங்கிலீஷின் ஜோடி, ஈடு. வவ்வால் பேட்டும் விளையாடுகிற பேட்டும் தனித்தனி. பேங்க் மட்டும் விசித்திரம்: ஆற்றங்கரைக்கும் பணம் போடுகிற பேங்குக்கும் சம்பந்தமே இல்லை என்று புத்தகங்களில் இருக்கும், ஆனால் பணம் மாற்றுகிறவர்கள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து வந்த இத்தாலியச் சொல்லும் கரை என்ற சொல்லும் ரொம்பப் பின்னால் போனால் ஒரே ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஃபாஸ்ட் அப்படி இல்லை, அது ஒரே சொல். வேகம், விரதம், சாயம் போகாத துணி மூன்றும் அதில் இருக்கின்றன. துணிக்கடையில் "கலர் ஃபாஸ்டா இருக்கும் மேடம், தண்ணில போகாது" என்று சொல்வார்களே, அதுதான் மூத்த அர்த்தம்: உறுதி, அசையாமல் பிடித்திருப்பது. சாப்பிடாமல் நோன்பை உறுதியாகப் பிடித்துக்கொள்வது விரதம், அதை முறிப்பதுதான் பிரேக்ஃபாஸ்ட். உறுதியாக, விடாமல் ஓடுவது என்ற இடத்திலிருந்து வேகம் வந்தது. அசையாமல் இருப்பதும் வேகமாக ஓடுவதும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்த வழி இதுதான்.

அப்புறம் பியூப்பில். மாணவன், கண்ணின் கருவிழிக்கு நடுவில் இருக்கிற துவாரம், இரண்டும். லத்தீனில் பூப்பா என்றால் சிறுமி, பொம்மை. எதிரில் இருப்பவர் கண்ணுக்குள் பார்த்தால் நம்முடைய உருவமே குட்டிப் பொம்மையாகத் தெரிகிறதே, அதனால் அந்தப் பெயர். மாணவன் என்ற அர்த்தம் அதே சொல்லின் சிறுவர் சிறுமியர் பக்கத்திலிருந்து வந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது குறளை எடுத்துவந்தேன். "கருமணியிற் பாவாய்" என்று 1123-ஆவது குறள் தொடங்குகிறதே, பாவை என்றாலும் பொம்மைதான், கண்ணின் மணியில் தெரிகிற உருவமும்தான். வெவ்வேறு மொழி பேசுகிற இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே கண்ணைப் பார்த்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் உடனே ஜோடி ஜோடியாக உட்கார்ந்து எதிராளியின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

சரி, இத்தனை அர்த்தமும் இருக்கும்போது பெரியம்மாவுக்கு எப்படிக் குழப்பம் வருவதில்லை? டேவிட் ஸ்வின்னி என்ற உளவியல் ஆய்வாளர் 1979-இல் ஒரு பரிசோதனை செய்தார். இங்கிலீஷில் பக் என்றால் பூச்சி, ஒட்டுக்கேட்கிற கருவியும் கூட. ஒரு அரசாங்கக் கட்டடத்தின் அறை மூலையில் சிலந்தி, கரப்பான், வேறு பக்குகள் இருந்தன என்று ஒரு கதையைக் காதில் கேட்கவைத்து, அந்தச் சொல் வந்த கணத்திலேயே திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். எறும்பு என்று காட்டினாலும் சரி, ஒற்றன் என்று காட்டினாலும் சரி, கேட்டவர்கள் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார்கள். மூன்று அசை கழித்துக் காட்டினால் எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம். அதாவது நம் மனம் முதலில் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, பக்கத்துச் சொற்களைப் பார்த்து வேண்டாததை உடனே மூடிவிடுகிறது. நமக்கே தெரியாமல் நடக்கிற வேலை இது.

தொல்காப்பியர் இதைச் சொல்லதிகாரத்திலேயே சொல்லிவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். பல பொருள் தருகிற ஒரு சொல் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பது கூடவருகிற வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெரியும் என்கிறார். உரைகாரர்கள் காட்டுகிற சொல் மா. மா பூத்தது என்றால் மரம், மா ஓடிற்று என்றால் குதிரை. வினை, இனம், சார்பு என்ற இந்த மூன்றையும் அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பேட் பறந்தது என்றால் வினையைப் பார், வவ்வால். பேட்டும் பந்தும் என்றால் கூட வந்த இனத்தைப் பார், மட்டை. இரண்டிலும் தெரியவில்லையா, எங்கே, யார், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற சார்பைப் பார். பாடப்புத்தகத்தில் தெரியாத இடம் வந்தால் இப்போது அவர்கள் முதலில் கேட்பது "வினை என்ன?" என்றுதான், அகராதிக்கு அப்புறம்தான் போகிறார்கள். அகராதிக்குப் போகும்போதும் முதல் அர்த்தத்தோடு நிறுத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வரலாற்று வரிசையில் போகும், அங்கே முதலில் இருப்பது செத்துப்போன அர்த்தமாகக்கூட இருக்கலாம். மாணவர் அகராதிகளில் அதிகம் புழங்குவது பொதுவாக முதலில் வரும், உங்களுக்கு வேண்டியது ஐந்தாவதாக இருக்கலாம். உதாரண வாக்கியங்களைப் படித்து, எது உங்கள் வாக்கியத்துக்குப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள்.

நோட்டையும் மாற்றிவிட்டோம். நடுக்கோடு கிடையாது. ஒரு சொல்லுக்கு ஒரு முழுப் பக்கம், வீட்டில், பஸ்ஸில், டிவியில் அந்தச் சொல் காதில் விழுந்த வாக்கியம் அப்படியே தமிழ் கலந்து எழுதப்படும், கீழே எது எதோடு சொந்தம் என்று அம்புக்குறி. இப்போது பாஸ் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. பஸ் பாஸ், பரீட்சையில் பாஸ், பந்தைப் பாஸ் செய்வது, பெரியவர் ஒருவர் பாஸ் அவே ஆனது, சட்டசபையில் மசோதா பாஸ் ஆனது, சமூக அறிவியல் புத்தகத்திலிருந்து கைபர் கணவாய். எல்லாம் அடியெடுத்துவைத்துக் கடப்பது என்ற லத்தீன் வேரில் வந்து சேர்கின்றன. முதலாளியைச் சொல்கிற பாஸ் மட்டும் டச்சுக்காரர்களிடமிருந்து வந்த வேறு சொல், அதற்கு அம்புக்குறி போடாமல் தனியாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள்.

அடுத்து லைன் எடுக்கலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். ஈபி லைன்மேன், போன் லைன், ரேஷன் கடை லைன், லைன் வீடு வரை வந்திருக்கிறது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்கிறார்களே, அதுவும் இந்த லைன்தான் என்று சொன்னேன், அதையும் எழுதிக்கொண்டார்கள். உங்கள் ஊரில், உங்கள் வேலையில் லைன் வேறு எப்படி வருகிறது என்று எழுதுங்கள், தறி வேலை செய்கிறவர்கள், ரயில்வேயில் இருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள், பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.